உரிக்காத தாள்

கடையில் அவளை எல்லோரும் பஞ்சக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் முதலில் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். மற்றவர்கள் ப்ளோயரால் ஒரு ஊது ஊதிவிட்டு மூடுகிற மெஷினை இவள் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"பஞ்சக்கா, இது மெஷினா குழந்தையா? காலையிலேருந்து குளிப்பாட்டிட்டே இருக்கீங்க" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

"குழந்தையா இருந்தா அழுது சொல்லிடும்டா. இது சொல்லாதே" என்பாள் அவள்.

கடை மாடியில் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை. அங்கிருந்து எழும் சூடும் மேலே வந்து, இங்கே நான்கு மேசைகளில் திறந்து கிடக்கும் மெஷின்களின் சூட்டோடு சேர்ந்துகொள்ளும். வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் விளையாட்டு லேப்டாப்கள்தான். விளையாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, விசிறி அலறுகிறது, திடீரென்று இருட்டாகி நின்றுபோகிறது என்று எல்லோரும் ஒரே புகாரைத்தான் கொண்டுவருவார்கள். அடிப்பக்கத்தைத் திறந்தால் விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளி போல் படிந்திருக்கும்.

தூசியைத் துடைப்பது சின்ன வேலை. சிப்புகளின் சூட்டை வாங்கிச் செம்புக்குக் கொடுப்பதற்கு மெத்தென்று ஒரு பேட் ஒட்டுவார்கள். அதை மாற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. புது பேடின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதை உரிக்காமல் ஒட்டினால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று மெஷினை வேகவைத்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் வருடம் பஞ்சக்கா ஒரே ஒரு தாளை உரிக்க மறந்தாள். ஒரு கல்லூரிப் பெண்ணின் மெஷின் பரீட்சைக்கு முதல் நாள் எரிந்துபோனது. அந்தப் பெண் வந்து சண்டைகூடப் போடவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உரிக்கிற தாளையெல்லாம் பஞ்சக்கா தன் இடது புறங்கையில் ஒட்டிக்கொள்வாள். மூடுவதற்கு முன்னால் கையைப் பார்த்து எண்ணுவாள். பேட் எட்டு என்றால் தாள் பதினாறு. எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொடுவாள். அதன் பிறகு இந்தப் பதினேழு வருடத்தில் அவள் கை பட்ட மெஷின் அதே கோளாறோடு திரும்பி வந்தது என்று ஒரு பேச்சு கிடையாது.

கடைக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் பழுது பார்த்தவர் என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை முதலாளி நின்றுகொண்டு வாடிக்கையாளருக்கு முழுசாக வாசித்துக் காட்டுவார். அதன் பிறகுதான் முத்திரை. முதலாளிக்கு ஒரு காது மந்தம். அதனால் ஊரில் எல்லோருக்கும் காது மந்தம் என்பது அவர் எண்ணம். அவர் வாசிப்பது கீழே ஜெராக்ஸ் எடுக்க நிற்பவர்களுக்கும் கேட்கும். 'அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னீர்கள்' என்ற வழக்கு அந்தக் கடையில் வந்ததே இல்லை.

இப்படிப்பட்ட பஞ்சக்கா ஒரு மெஷினில் தெரிந்தே தாளை உரிக்காமல் விட்டாள் என்று யாராவது சொன்னால், சொன்னவன் வாயைத்தான் கழுவச் சொல்வார்கள். ஆனால் விட்டாள். அதுவும் சொந்தத் தம்பியின் மெஷினில்.

வீட்டில் மூன்று பேர்: அம்மா, பஞ்சக்கா, தம்பி. அவனுக்கும் அவளுக்கும் பதினாறு வருட வித்தியாசம். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் என்பதால் பாதி அம்மா அவள்தான். அவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியாது, இருந்தாலும் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி படித்து முடித்து ஒரு கிடங்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு சிநேகிதன். வேலை முடிந்தால் இருவரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே விளையாட்டைச் சேர்ந்து ஆடுவார்கள். பெரிய லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு, முடிவே இல்லாத ரோட்டில் ஒருவன் ஓட்ட, இன்னொருவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டிய விளையாட்டு அது.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், விளையாட்டில் இல்லாத நிஜமான ரோட்டில், தம்பி பைக் ஓட்டினான். சிநேகிதன் பின்னால் உட்கார்ந்திருந்தான். திருப்பத்தில் யாரோ கொட்டிவைத்திருந்த ஜல்லியில் சக்கரம் சறுக்கியது. தம்பிக்கு முழங்கையில் பதினோரு தையல். சிநேகிதன் அந்த இடத்திலேயே போய்விட்டான். தப்பு ஜல்லி கொட்டியவன் மேல்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். ஓட்டினவன் நான்தானே என்று தம்பி தன் மனதில் எழுதிக்கொண்டான். அதை யார் போய் அழிப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வேலை போனது. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாதித் தட்டு திரும்பி வந்திருக்கும். உள்ளேயிருந்து விசிறி இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். "அவனை ஒண்ணும் கேக்காதீங்க, தொந்தரவு பண்ணாதீங்க, தானா வருவான்" என்று மாமா ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் மகளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார்கள். மிக்ஸியைக்கூட அவன் தூங்கும் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். மாதங்கள்தான் போயின, அவன் வரவில்லை.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. தாடியும் மீசையுமாக, நெஞ்சோடு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு தம்பி நின்றான்.

"அக்கா, இது திடீர்னு நின்னு போகுது. தொட்டாலே சுடுது."

"வை. பாக்கறேன்" என்றாள் பஞ்சக்கா. குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். அவன் எதிரே உட்கார்ந்துகொண்டான். உள்ளே தூசி அடை அடையாக வந்தது.

"இவ்வளவா?"

"எட்டு மாசமா நீ ஜன்னலைத் திறக்கல. தூசி வேற எங்க போகும், இதுக்குள்ளேயே குடித்தனம் நடத்துது."

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று அம்மா சமையலறைக் கதவோரம் நின்றபடி முடிவுசெய்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு தட்டைக் கொண்டுவந்து பேச்சில்லாமல் அவன் முன்னால் வைத்தாள். அக்கா துடைப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் சாப்பிட்டான். இரண்டாம் தடவை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். பஞ்சக்கா வேண்டுமென்றே மெதுவாகத் துடைத்தாள்.

வேலை முடிந்தது. அவள் கை பட்ட மெஷின் அல்லவா, ஜில்லென்று ஓடியது. தம்பி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதற்கப்புறம் ஆறு வாரம் கதவு திறக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பஞ்சக்காவுக்குத் தன் கைவேலை மீதே எரிச்சல் வந்தது.

ஆறு வாரம் கழித்து, விசிறி அதிகமாகச் சத்தம் போடுகிறது என்று மறுபடி கொண்டுவந்தான். அவள் அதற்காகவே கடையிலிருந்து புது பேட் வாங்கி வைத்திருந்தாள். எட்டு பேட், பதினாறு தாள். பதினான்கை உரித்தாள். மின்சாரம் வாங்கும் பகுதியின் மேல் வருகிற இரண்டு பேடுகளின் மேல்தாளுக்கு வந்ததும் கை நின்றது. அங்கே தாள் இருந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை எரியாது. ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானே அணைந்துவிடும். எங்கே விட்டால் எரியும், எங்கே விட்டால் அணையும் என்பது பதினேழு வருடப் படிப்பு. நல்லெண்ணத்தோடு செய்கிற தப்பில் கணக்கு என்னவோ துல்லியமாகத்தான் இருக்கும்.

புறங்கையில் பதினான்கு தாளோடு மெஷினை மூடினாள்.

"சரியாயிடுச்சாக்கா?"

"பழைய மெஷின்டா. இனிமே வாரா வாரம் தொறந்து துடைக்கணும். ஞாயித்துக்கிழமை கொண்டா."

"நீ சொன்னா சரி" என்றான்.

அப்படியே நடந்தது. ஞாயிறு தோறும் மத்தியானம் அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் திறப்பாள், துடைப்பாள், அந்த இரண்டு பேடுகளை மட்டும் தொடாமல் மூடுவாள். மூன்றாவது வாரம் அவன் சவரம் செய்துகொண்டு வந்தான். ஐந்தாவது வாரம், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து, குப்பைக் கூடையைத் தானே எடுத்துப் படியிறங்கி வாசலில் வைத்துவிட்டு வந்தான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அம்மா பூரித்துப்போனாள். ஏழாவது வாரம் அவனே டார்ச் பிடித்தான்.

"இந்த ரெண்டையும் மாத்த வேணாமா?"

"அது நல்லாத்தான் இருக்கு. சும்மா சும்மா கலைக்கக் கூடாது" என்றாள், முகம் பார்த்து, கண் இமைக்காமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினோராவது ஞாயிறு அவன் மத்தியானம் வரவில்லை. விளையாட்டில் ஒரு முக்கியமான ஓட்டம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று கதவுக்குள்ளிருந்தே சொன்னான். அவள் மேசையில் பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்தரை மணிக்கு உள்ளே விசிறி சத்தம் ஏறியது, அலறியது, சட்டென்று நின்றது. இதோ வருவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவு திறக்கவில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று.

"என்னடி, ஏன் இன்னும் வரல?" என்றாள் அம்மா.

பஞ்சக்கா எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. தம்பி இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன் அப்படியே இருந்தது.

"இன்னைக்குக் கேட்டார்க்கா" என்றான்.

"யாரு?"

"அவன் அப்பா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக விஷயம் வெளியே வந்தது. சிநேகிதனின் அப்பா தையல்காரர். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டுக்குள் வந்துவிட்டான் என்று காட்டுகிற பச்சை நிறத்தில், திரையில் சிநேகிதனின் பெயர் எரிந்தது. தம்பிக்கு உயிரே போய்விட்டது. மெஷினைத் தூக்கி எறியப் போனான். அதற்குள் ஒவ்வொரு வார்த்தையாக ஒரு செய்தி வந்தது: 'நான் அவன் அப்பா. இதில் எப்படி நடப்பது?' மகனின் கம்ப்யூட்டரைத் தூசி தட்டப் போனவர், அதைப் போட்டுப் பார்த்து, மகன் தினமும் என்னதான் செய்தான் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். தம்பி அவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தான், லாரியில் ஏறச் சொல்லிக்கொடுத்தான். பிறகு தினமும் கடையை மூடிவிட்டு நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார். தம்பி ஓட்டுவான். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். முதலில் ரோட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு அவர் தைக்கிற துணியைப் பற்றி, மகன் சின்ன வயதில் ஊசியை விழுங்கப் பார்த்ததைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தார்.

"அவர் அவனைப் பத்திப் பேச ஆரம்பிக்கறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும்க்கா. அப்புறம்தான் வாயைத் திறப்பார். திறந்து கொஞ்ச நேரத்துல இது நின்னுடும். தினம் இதே கதை. மெஷின் சூடாயிடுதுப்பான்னு சொன்னேன். 'என் பையனும் பேசப் பிடிக்கலன்னா சார்ஜ் இல்லன்னுதான் சொல்லுவான்'னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா நம்பல."

"இன்னைக்கு என்ன கேட்டார்?"

"'வண்டியில வர்றப்போ கடைசியா அவன் என்ன பேசினான்'னு கேட்டார். கேட்டு முடிக்கல, நின்னுபோச்சு."

பஞ்சக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்டாள்: "என்ன பேசினான்?"

தம்பி திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "'மெதுவாப் போடா'ன்னான். ரெண்டு தடவை சொன்னான்."

வெளியே தெருவில் யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன்க்கா. இது நின்னதும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் அங்க என்ன நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார்னு."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று பஞ்சக்காவுக்கு. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடு, வெளிச்சத்துல வெச்சுப் பாக்கறேன்" என்று மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். அவன் பின்னால் வரவில்லை. அவசர அவசரமாகத் திறந்து அந்த இரண்டு தாள்களையும் உரித்தாள். ஓரம் பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. பழக்கதோஷத்தில் புறங்கையில் ஒட்டிக்கொண்டவள், பார்த்துவிட்டு, பிய்த்துக் கசக்கி எறிந்தாள்.

இப்போது மெஷின் நாலு மணி நேரம் ஓடினாலும் சூடாகவில்லை. ஆனால் தையல்காரர் வரவில்லை. மறுநாள் வரவில்லை, அந்த வாரம் முழுக்க வரவில்லை. தம்பி போன் செய்தான், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. விளையாட்டில் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பக்கத்து இருக்கை காலியாக இருக்க, நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருப்பான். ஸ்டூலில் வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. ஞாயிறும் போனது. மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே, அவன் எதற்கு வெளியே வரப் போகிறான்?

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

"அக்கா, அது உங்க தம்பியா? மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

தம்பிதான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான், கக்கத்தில் லேப்டாப். முகமெல்லாம் வியர்வை. ஒரு வருடத்துக்கு மேல் தெருவில் நடக்காதவன் முழுசாக ஒரு மணி நேரம் நடந்து வந்திருக்கிறான். பஞ்சக்கா எழுந்த வேகத்தில் ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்தது.

"எப்படிடா வந்தே?"

"நடந்துதான். பஸ்ல ஏற இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு." கவுன்டரில் லேப்டாப்பை வைத்தான். "அவர் வீட்டுக்குப் போறேன்க்கா. வெறுங்கையோட போய் நான் ஓடல, மெஷின்தான் நின்னுச்சுன்னா எப்படி நம்புவார்? நீங்க எல்லாருக்கும் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறீங்க இல்ல, அதுல எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. நீதானே வாரா வாரம் தொறந்து பாத்தே. என்ன காரணத்தால நின்னுச்சுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கிக் குடு."

"இதுக்கு எதுக்குடா ரிப்போர்ட்டு..."

"வேணும்க்கா. உள்ளது மட்டும் எழுது. கூட்டியும் எழுதாதே, குறைச்சும் எழுதாதே. அவர்கிட்ட இனி எதையும் மறைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். 'பழைய மெஷின், அதிகச் சூட்டால் தானே நின்றுபோனது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அது பொய்கூட இல்லை. தையல்காரர் நம்பிவிடுவார், தம்பி நிம்மதியாகப் போய்விடுவான், பதினேழு வருடப் பெயர் அப்படியே இருக்கும். யாரும் எதையும் தோண்டப் போவதில்லை. பேனா முனையைத் தாளில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தம்பி நின்றுகொண்டிருந்தான். 'மெதுவாப் போடா' என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கொண்டுபோய்ப் பெற்றவரிடம் கொடுக்கக் கிளம்பியிருக்கிறான். அவன் கையில் இந்த அரைப் பொய்யையும் சேர்த்துக் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. குனிந்து எழுதினாள், நிறுத்தாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி வழக்கம்போல் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"கோளாறு: ஒன்றரை மணி நேரத்தில் அதிகச் சூட்டால் தானாக அணைந்துபோவது. காரணம்: இரண்டு பேடுகளின் மேல்தாளை உரிக்காமல்..." நிறுத்தினார். "என்னம்மா இது? நம்ம கடையிலயா?"

"படிங்க சார்."

"...உரிக்காமல் வேண்டுமென்றே விட்டது. பழுது பார்த்தவள் நான். பதினோரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். மெஷினுக்குச் சொந்தக்காரருக்கு இது தெரியாது. அவர் ஒரு நாளும் தானாக நிறுத்தவில்லை."

கடைசி வரிக்கு வந்தபோது முதலாளியின் குரல் மற்றவர்கள் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. மூன்று மேசைகளிலும் கை நின்றுவிட்டது. கீழே ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது கடைப் பேர்ல போகுதும்மா" என்றார் முதலாளி, கெஞ்சுகிற மாதிரி. "கொஞ்சம் மாத்தி எழுதேன்."

பஞ்சக்கா தாளை வாங்கி, 'கடையில் அல்ல, வீட்டில் செய்தது' என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "முத்திரை போடுங்க சார்." அவர் தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு போட்டார்.

தம்பி தாளை வாங்கி முதலிலிருந்து தானே ஒரு தடவை படித்தான்.

"ஏன்க்கா?"

"அது நின்னாத்தான் நீ வெளிய வந்தே. வந்து எதிர்ல உக்காந்தே, சாப்பிட்டே. உன்னை வெளிய கொண்டுவர எனக்கு வேற வழி தெரியலடா."

திட்டுவான் என்று நினைத்தாள். அத்தனை பேர் முன்னால் கத்தினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் கத்தவில்லை.

"நான் ஒரு நாள்கூட தாப்பா போடலையேக்கா. சும்மாதான் சாத்தியிருந்தேன். ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தட்டு வைத்திருக்கிறார்கள், தட்டு எடுத்திருக்கிறார்கள், கதவில் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள், மூச்சு விடாமல் நடந்திருக்கிறார்கள். அவனைக் கூப்பிட்டதில்லை. அம்மாவும் கூப்பிட்டதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. அவ்வளவு பயம் அவன்மேல், அவ்வளவு பாசம்.

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். லேப்டாப்பைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் படியிறங்கினான். அவன் பாதிப் படி இறங்கியிருப்பான், அப்போதுதான் பஞ்சக்காவுக்குக் கால் வந்தது. ஓடிப்போய் மாடிப்படித் தலைப்பில் நின்று, "தம்பி!" என்று கூப்பிட்டாள். முதலாளியே திடுக்கிட்டுத் திரும்பினார், அவ்வளவு சத்தம்.

அவன் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுடா" என்றாள்.

அவன் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.